மனைக்கு மண்ணின் ஒப்புதல்

மனை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். பட்டா யார் பெயரில், வில்லங்கம் உண்டா, டிடிசிபி அப்ரூவலா, ரோடு எத்தனை அடி, தண்ணி எத்தனை அடியில், நல்ல தண்ணியா உப்பா. அந்தத் தண்ணீரைப் புழங்கிய பிறகு எங்கே விடுவது என்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களில் அது மேஸ்திரியின் பொறுப்பு. வீடு, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் எல்லாம் போக மிச்சமிருக்கும் மூலையில் ஒரு குழி தோண்டுவார். அதுதான் செப்டிக் டேங்க்.

இந்த அலட்சியம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். கழிவுநீரை மண்ணுக்குள் விடும் அமைப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது 59 அடி, இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி. நம் புறநகர்களில் அதிகம் விற்பது அரை கிரவுண்டு: 30 அடிக்கு 40 அடி, 1200 சதுர அடி. அதன் மூலைவிட்டம் சரியாக 50 அடி. போரை ஒரு கோடியிலும், டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழியை எதிர்க்கோடியிலும் வைத்தால்கூட 9 அடி பற்றாது. வசிக்கும் கட்டடத்துக்கும் குழிக்கும் இடையே 6 மீட்டர் வேண்டும் என்ற அடுத்த விதியை அந்த மனையில் நினைத்தும் பார்க்க முடியாது. முழு கிரவுண்டில், 40க்கு 60 மனையில், மூலைவிட்டம் 72 அடி. அங்கே தாளில் இடம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இல்லை என்று வைத்துக்கொண்டால்.

ஆகவே ஒரு மனை செப்டிக் டேங்குக்கு ஏற்றதா என்ற கேள்விக்குப் பெரும்பாலான நகர்ப்புற மனைகளில் விதிப்படியான விடை, இல்லை. ஆனாலும் அந்த மனைகளில்தான் லட்சக்கணக்கான வீடுகள் எழுந்திருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர வீடுகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. குழாய்ச் சாக்கடையில் இணைந்தவை 33 விழுக்காட்டுக்கும் குறைவு. விதி ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமும் இருக்கும்போது, விதி எதைக் காக்க வந்தது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

டேங்க் செய்வதும் செய்யாததும்

செப்டிக் டேங்க் பழைய கண்டுபிடிப்பு. பிரான்சில் வெசூல் என்ற ஊரில் ழான்-லூயி மூராஸ் என்பவர் 1860களில் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். உள்ளே போன மலத்தின் அளவுக்கு உள்ளே எதுவும் சேரவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1881இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்து டொனால்ட் கேமரன் 1895இல் அதைத் திருத்தி அமைத்து, இன்று நாம் சொல்லும் பெயரையும் வைத்தார். அந்தக் காலத்தில் தொட்டியே எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும் என்று நம்பினார்கள். நம் ஊரில் பலர் இன்னும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள்.

உண்மையில் டேங்க் செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் படிகிறது, எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடை மெல்லக் கரைக்கின்றன. வெளியேறும் நீர் பார்க்கத் தெளிவாக இருக்கலாம். அதில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சக்கணக்கில் குடல்வாழ் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைக் கொல்வது மண். ஈரமும் காற்றும் கலந்து கிடக்கும் மண் துகள்களின் இடுக்குகளில் நீர் மெல்ல ஊறி இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்படுகின்றன, ஒட்டிக்கொள்கின்றன, பட்டினியால் சாகின்றன. தொட்டியை எந்த ஊரிலும் ஒரே மாதிரி கட்டலாம். மண்ணைக் கட்ட முடியாது, அது வாய்த்தபடிதான். மனையின் தகுதியைப் பார்ப்பது என்றால் இந்த இரண்டாம் பாதி வேலையைச் செய்ய அங்குள்ள மண்ணுக்குத் திராணி இருக்கிறதா என்று பார்ப்பது.

“எங்க வீட்டு டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தரநிலை சொல்லும் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டரை ஒட்டிய நீர் ஆழம் கொண்டது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கசடெடுக்க வேண்டியது. இருபது வருஷம் நிறையாத தொட்டிக்குப் பெரும்பாலும் தரை இல்லை, அல்லது சுவரில் பூச்சு இல்லை. உறைகளை இறக்கிக் குழியாக விட்டுவிட்டு அதற்கு டேங்க் என்று பெயர் வைப்பதும் வழக்கம். நிறையாமல் அது எங்கே போகிறது என்றால், கீழே போகிறது.

மண்ணைச் சோதிப்பது

மண்ணின் உறிஞ்சும் திறனை எண்ணாக்கியவர் நியூயார்க் மாநிலப் பொறியாளர் ஹென்றி ரையன். 1920களில் அவர் வகுத்த சோதனை எளிமையானது: ஒரு குழி தோண்டு, தண்ணீர் ஊற்று, மட்டம் ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் இன்றும் இந்தச் சோதனையில் தேறினால்தான் பத்திரம் போடுவோம் என்ற நிபந்தனையோடு மனை ஒப்பந்தம் எழுதுவதுண்டு. நம் தரநிலையும் அதே வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், மேஸ்திரியையும் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு யாரும் செய்யலாம். உறிஞ்சு குழியோ கழிவுநீரைப் பரப்பும் கால்வாயோ எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அந்த ஆழத்துக்கு, அரை அடி முதல் ஓர் அடி அகலத்தில் குழி எடுக்க வேண்டும். கடப்பாரை பட்டு வழவழப்பான பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணலோ பொடி ஜல்லியோ போட வேண்டும். ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் காலை அரை அடி உயரத்துக்கு நீர் நிறுத்தி அரை மணிக்கு ஒருமுறை இறக்கத்தை அளந்துகொண்டே போக வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து, கடைசி அரை மணியில் எவ்வளவு இறங்கியதோ அதுதான் கணக்குக்கு. 25 மில்லிமீட்டர் இறங்க 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி போடலாம். 30 முதல் 60 நிமிடம் என்றால் குழி கூடாது, நீளமான ஆழமற்ற கால்வாய்களில் பரப்ப வேண்டும். 60க்கு மேல் என்றால் அந்த மண் இந்த வேலைக்கு ஆகாது.

எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. 204ஐ அந்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் ஏற்கும் லிட்டர் கிடைக்கும். 4 நிமிட மண் 102 லிட்டர் ஏற்கும். 25 நிமிட மண் சுமார் 41 லிட்டர். நாளுக்கு 500 லிட்டர் வெளியேற்றும் வீட்டுக்கு முதல் மண்ணில் 5 சதுர மீட்டர் போதும், இரண்டாவதில் 12 வேண்டும். 3 அடி உறையை 6 அடி ஆழத்துக்கு இறக்கினால் பக்கச் சுவர் கொடுப்பது 5 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஆக முதல் வீட்டுக்கு ஒரு குழி. இரண்டாம் வீட்டுக்கு மூன்று. நம் ஊரில் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழிதான், ஏனென்றால் மேஸ்திரிக்குத் தெரிந்தது ஒரே அளவு.

சோதனையில் ஊற்றுவது நல்ல தண்ணீர்; பிறகு ஆயுள் முழுக்கப் போகப்போவது சத்து நிறைந்த கழிவுநீர். சில மாதங்களில் குழிச் சுவரை ஒட்டி நுண்ணுயிர்களின் கறுத்த வழுவழுப்பான படலம் உருவாகிறது. வடிகட்டுவதில் பாதி வேலையை அந்தப் படலமே செய்கிறது என்றாலும், உறிஞ்சும் வேகத்தைப் பல மடங்கு குறைப்பதும் அதுதான். வாய்பாடு இதற்கு ஓரளவு இடம் கொடுத்தே எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறது. ஆனால் சோதனை எந்த மாதத்தில் நடந்தது என்பதற்கு எந்த வாய்பாட்டிலும் இடமில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. சித்திரையில் 20 அடியில் கிடந்த நீர்மட்டம் கார்த்திகையில் 3 அடிக்கு வருவது டெல்டாவில் சாதாரணம். சித்திரைச் சோதனையில் அருமையாகத் தேறிய மனையில் கார்த்திகையில் கழிவறைக் கோப்பையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்.

இதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்கள் வாளிச் சோதனையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, குழி வெட்டி மண்ணையே படிக்கும் முறைக்கு மாறின. ஜேசிபியை வைத்து ஆறேழு அடிக்கு ஒரு வெட்டு வெட்டி, பக்கச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. ஒரே சீரான செம்மையோ பழுப்போ என்றால் அங்கே காற்றோட்டம் இருக்கிறது. சாம்பல் திட்டும் துருநிறப் புள்ளியும் கலந்து தெரிந்தால், அந்த உயரம் வரை ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் ஏறி நின்று இறங்குகிறது என்று பொருள். நீர் நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வெளிறுகிறது, வடியும்போது ஓரிடத்தில் சேர்ந்து துருவாகிறது. கோடையிலும் அழியாத மழைக்காலக் கையெழுத்து இது. நீர்மட்டம் தரையிலிருந்து 180 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும் இடத்தில் மண்ணுக்குள் குழி போடக் கூடாது, கால்வாயை மேட்டின் மேல் அமைக்க வேண்டும் என்று நம் தரநிலையும் சொல்கிறது.

வெட்டாமலே தெரிந்துகொள்ளக்கூடியவையும் உண்டு. அ-பதிவேட்டில் நஞ்சை என்றிருந்த நிலம் மனையாகியிருந்தால் அடியில் களியும் மேலே கொட்டிய மண்ணும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஊர்ப் பெயரில் தாங்கல், ஏந்தல், ஏரி என்று இருந்தால் நம் முன்னோர் எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். காலி மனையில் கோரையும் சம்பும் தழைத்திருந்தால் புரோக்கர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். கையில் கொஞ்சம் மண்ணை எடுத்து நனைத்து, விரலுக்கிடையே நாடாவாகத் தள்ளிப் பார்க்கலாம். இரண்டு அங்குலத்துக்கும் உடையாமல் நீண்டால் அது களி.

நிலத்துக்கு நிலம்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் சோதனைக்காரனை ஏமாற்றுவதில் கெட்டிக்கார மண். கோடையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வாளி வாளியாக ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மழை விழுந்ததும் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். பிறகு சொட்டும் இறங்காது. இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்வது முக்கியமாக இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான், அவசரத்தில் தவிர்க்கப்படும் படியும் அதுவேதான். சுருங்கி விரியும் அந்த மண் டேங்க் சுவரையும் விட்டுவைப்பதில்லை.

திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற டெல்டா மாவட்டங்களில் களியும் உயர்ந்த நீர்மட்டமும் சேர்ந்து வருகின்றன. அங்கே வேறொரு விபத்தும் நேர்வதுண்டு. மழைக்காலத்தில் டேங்கை லாரி வைத்து முழுக்க இறைத்துவிட்டால், வெறும் தொட்டி படகு மாதிரி மேலே எழும்பப் பார்க்கும். சிமென்ட் தொட்டியே விரிசல் விடும். பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே கட்டிவைக்காவிட்டால் கேட்கவே வேண்டாம்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோர மணல் இதற்கு நேரெதிர். ஊற்றிய தண்ணீர் அளப்பதற்குள் காணாமல் போய்விடும். மேஸ்திரிகள் இதை நல்ல மண் என்பார்கள். குழி நிறையாது என்ற வரைக்கும் நல்ல மண்தான். ஆனால் வேகமாக இறங்கும் நீருக்கு மண்ணோடு பழகும் நேரமில்லை. சில அடி கீழேயே நன்னீர் கிடக்கிறது, அதையே அடுத்த வீட்டுக்காரர் பம்ப் வைத்து இறைக்கிறார். மிக மெதுவாக உறிஞ்சும் மண்ணைத் தள்ளுவது போலவே, மிக வேகமாக உறிஞ்சும் மண்ணையும் பல நாட்டு விதிகள் தள்ளுகின்றன. நம் புழக்கத்தில் இரண்டாவது எச்சரிக்கை மறைந்தேபோனது, ஏனென்றால் அந்தத் தோல்வி கண்ணுக்குத் தெரிவதில்லை, நாற்றமும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, கோவை என்று மாநிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை நிலம். மேலே சில அடி செம்மண், அதன் கீழே சுக்கானோ சிதைந்த பாறையோ, அப்புறம் வெடிப்புகள் ஓடும் கருங்கல். செம்மண் ஆழமாக இருந்தால் இதைவிட நல்ல மண் கிடையாது. மெல்லியதாக இருந்து, குழி பாறை வெடிப்பைத் தொட்டுவிட்டால் கழிவுநீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. அதே வெடிப்பைத் தேடித்தானே போர் வண்டியும் வருகிறது. போர் போடும்போது கேசிங் குழாயைப் பாறை தட்டும் வரை இறக்கி நிறுத்துகிறார்கள். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள சந்தினைச் சிமென்ட் பாலால் அடைப்பது அபூர்வம். 400 அடி போர் என்று மார்தட்டும் வீட்டில், 10 அடி ஆழத்துக் கழிவுநீர் அந்தச் சந்து வழியே வழிந்து இறங்கலாம்.

மலைச் சரிவுகளைப் பற்றி ஒன்றே ஒன்று: நீலகிரியில் மேல்வீட்டுக் குழிநீர் கீழ்வீட்டின் பின்சுவரில் கசிந்தால் இருவருக்குமே அது தெரியும், பேச்சும் நடக்கும். மற்ற நிலங்களில் கசிவு பேச்சுக்கு வருவதே இல்லை.

மனை ஏற்றதா என்ற கேள்வியின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணம் போக வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. குடாநாட்டின் அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல்; அதன் துளைகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்கி, கீழேயுள்ள உவர்நீர் மேல் மெல்லிய படுகையாக மிதக்கிறது. சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நிலத்தடி நீர்ப்படுகைகள். புத்தூர் நிலாவரைக் கிணறு அந்தச் சுண்ணக்கல் இடிந்து வாய்திறந்த இடம். மக்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றிலிருந்து. மலசலகூடக் குழியும் அதே சுண்ணக்கல்லில்தான் வெட்டப்படுகிறது.

சுண்ணக்கல்லில் தூரக் கணக்கு செல்லாது. மணலில் ஒரு நாளைக்குச் சில அடி நகரும் நீர், கரைந்து அகன்ற வெடிப்பில் வடிகட்டப்படாமலே மிக வேகமாக ஓடிவிடும். 18 மீட்டர் என்ன, 50 மீட்டர் தள்ளி வைத்தாலும் உறுதி சொல்ல முடியாது; வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. முன்பு வளவுகள் பெரியவை, குழி கோடிப்புறத்தில் ஒதுங்கியிருக்கும், கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே நல்ல தடிப்பில் செம்மண். சீதனமாகப் பங்கு பிரிந்து வளவுகள் ஒரு பரப்பு, இரண்டு பரப்பாகச் சிறுத்த பிறகு ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறு, ஒரு குழி. வெங்காயமும் புகையிலையும் விளையும் வலிகாமத்துத் தோட்டங்களில் உரம் ஒரு பக்கம், நகர நெருக்கத்தில் மலக்குழி ஒரு பக்கமாக, குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் வரம்பு மீறுவதைப் பல ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அங்கே தனி வளவு ஒன்றைப் பார்த்து இது குழிக்கு ஏற்றது என்று எந்த நிபுணரும் மனச்சாட்சியோடு எழுதிக் கொடுக்க முடியாது.

தூரம் என்ற ஆறுதல்

எத்தனை அடி தள்ளி வைக்கலாம் என்ற கேள்விக்கு விதிப் புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இந்தியத் தரநிலையில் 18 மீட்டர். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 100 அடி, அதாவது 30 மீட்டர். இரட்டைக் குழிக் கழிவறைக்கான நம் ஊர் வழிகாட்டுதலோ, குழியின் அடிமட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் உலர்மண் இருந்து, மண்ணும் நுண்துகளாக இருந்தால் 3 மீட்டரே போதும் என்கிறது. 3, 18, 30 என்ற இந்த எண்களைப் பார்த்து விதிகளே குத்துமதிப்பு என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அந்த 3 மீட்டர் விதி மற்ற இரண்டையும்விட நேர்மையானதாகப் படுகிறது. காப்பது எது என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது: பக்கவாட்டில் உள்ள தூரத்தைவிட, கீழே உள்ள உலர்மண்ணின் தடிப்பு.

நம் வழக்கம் இதற்கு நேரெதிராகப் போய்க்கொண்டிருக்கிறது. இடமில்லையா, ஆழமாக்கு. 10 உறை போதவில்லையா, 15 இறக்கு. ஊற்றுக்கண் தட்டும் வரை இறக்கினால் குழி எப்போதும் நிறையாது என்று சொல்லும் உறைக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையும்கூட. கிணற்றுக்குள் நேராக விட்டால் ஏன் நிறையப் போகிறது? வேர் ஓடும், காற்றுள்ள, உயிருள்ள மேல்மண்ணில் கழிவுநீரை அகலமாகப் பரப்புவதே சரி. ஆழமற்ற கால்வாய் வெட்ட அதிக இடம் வேண்டும், செலவும் கூடும். அரை கிரவுண்டில் அது எங்கே?

இடம் பற்றிய தீர்ப்பு நம் வீடுகளில் பொறியாளர் கையிலும் இல்லை. கிணறும் போரும் ஈசானிய மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில் என்று வாஸ்து முடிவு செய்துவிடுகிறது. ஒரு மனைக்குள் பார்த்தால் வடகிழக்கும் வடமேற்கும் வடக்குப் பக்கத்தின் இரு கோடிகள், மோசமில்லை. கிழக்கு மேற்காக வரிசையாக மனை போட்டிருக்கும் தெருவை நினைத்துப் பாருங்கள். என் ஈசானிய மூலையை ஒட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது கிழக்கு வீட்டுக்காரரின் வாயு மூலை. எல்லோரும் சாஸ்திரம் தவறாமல் கட்டியிருந்தால், தெருவில் உள்ள ஒவ்வொரு போரும் அடுத்த வீட்டு டேங்கிலிருந்து ஐந்து பத்து அடியில் இருக்கும்.

தூரத்துக்கு அடங்காத ஒன்று

கிருமிகளை மண் நிறுத்தும். நைட்ரஜனை அந்த அளவுக்கு நிறுத்தாது. உலர்மண்ணில் காற்றுப்பட்டதும் சிறுநீரின் நைட்ரஜன் நைட்ரேட் ஆகி, நீரோடு கரைந்து நழுவிப் போய்விடும். நல்ல மண் அந்த மாற்றத்தை இன்னும் நன்றாகச் செய்துகொடுக்கும் என்பது இதிலுள்ள வேடிக்கை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 50. மிஞ்சினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும்.

ஒரு கரட்டுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் மனைப்பிரிவில் சாலை, பூங்கா போக 20 வீடு, 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் உணவுப் பழக்கத்தில் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் நைட்ரஜன் ஏறத்தாழ 3 கிலோ. மொத்தம் 300 கிலோ. மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து 60 கிலோ. அதாவது ஐந்து போக நெல்லுக்கான உரம் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஓர் ஏக்கரில் இறங்குகிறது, எடுத்துக்கொள்ளப் பயிர் ஒன்றுகூட இல்லாமல். கசடிலும் காற்றிலும் பாதி போய்விடுகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுப்போம். மீதியைக் கரைக்க, ஆளுக்கு 100 லிட்டர் வீதம் கழிவுநீரும் ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் மழை ஊறலும் சேர்ந்து சுமார் 43 லட்சம் லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டுகிறது நைட்ரேட். வரம்பைப்போல் மூன்று மடங்கு. குளியல் நீரையும் பாத்திர நீரையும் தெருச் சாக்கடையில் விட்டுக் கழிவறை நீரை மட்டும் குழிக்கு அனுப்பும் வீடுகளில் கரைக்கும் நீர் குறைவு, அடர்த்தி இன்னும் கூடும்.

என் அனுமானங்களில் எதையும் இருபது முப்பது விழுக்காடு கூட்டிக் குறைக்கலாம், முடிவு மாறாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 தர அறிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரம்பைத் தாண்டியிருந்தன. அதில் வயல் உரத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பங்குண்டு. வீடுகளின் பங்கும் இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. மனையின் தகுதி என்பது மனைக்குள் முடியும் விஷயமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தனித்தனியே ஒவ்வொரு மனையும் சோதனையில் தேறலாம். இருபதும் சேர்ந்தால் தோற்றுவிடும்.

லாரி வரும் வழி

தகுதிப் பட்டியல்களில் கடைசி வரியாக வரும் ஒன்றை நான் முதல் வரிக்குக் கொண்டுவருவேன்: கசடெடுக்கும் லாரி டேங்கை எட்ட முடியுமா? வீட்டின் பின்புறம் சமையலறைக்கு அடியில் டேங்கைக் கட்டி, மூடிமேல் டைல்ஸ் பதித்து, லாரி நுழையாத சந்தில் வீட்டை வைத்தால், அடைப்பு வரும் நாளில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆளைக் கூப்பிடுவார்கள். டேங்குக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிக அடர்த்தியில் மூக்கின் மோப்பத்தையே முதலில் அழித்துவிடும்; ஆபத்து தெரிவதற்குள் உள்ளே போனவர் சரிந்துவிடுவார், காப்பாற்றக் குதித்தவரும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடைசெய்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மனையின் அமைப்பே ஒரு மனிதரை உள்ளே இறங்க வைக்கும் என்றால், மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் அந்த மனை தகுதியற்றது. டேங்க் தெருவோரம், மூடி வெளியே தெரியும்படி, குழாய் எட்டும் தொலைவில்; வாஸ்து இதற்கு வளைந்துகொடுக்கட்டும்.

லாரி எங்கே கொட்டுகிறது என்பதும் கேட்க வேண்டியதே. 2014இல் மாநில அரசு கசடு மேலாண்மை வழிகாட்டுதலை வெளியிட்டது. 2017இல் கருங்குழியில் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் வந்தது, பிறகு வேறு ஊர்களிலும் வந்தன. வராத ஊர்களில் விடை, ஏரிக்கரை.

மண் மறுத்தால்

மறுத்த மண்ணிலும் வீடு கட்டத்தான் போகிறோம். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் மணல் மேடு எழுப்பி அதன்மேல் பரப்பும் முறை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1970களில் அதைச் செம்மைப்படுத்தினார்கள். நம் களி நிலங்களுக்கு அது பொருந்தும், இடம் உள்ளவர்களுக்கு. டேங்குக்கு அடுத்து ஜல்லி நிரப்பிய மேல்நோக்கு வடிகட்டியும், அதற்கடுத்துக் கல்வாழைப் படுகையும் வைப்பது சிறிய இடத்துக்கும் ஒத்துவரும். ஆரோவில்லில் பல குடியிருப்புகள் இப்படிப்பட்ட பொது அமைப்புகளில்தான் ஓடுகின்றன. குழியை நகர்த்த முடியாதவர் போரையாவது காக்கலாம்: கேசிங்கைச் சுற்றிச் சிமென்ட் பால் இறக்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு, போர் போடும் மொத்தச் செலவில் சிறு பங்கு.

இவையெல்லாம் ஒற்றை வீட்டுக்கான ஒட்டு வேலைகள். கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் மனைப்பிரிவு வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் மேசை. அங்கே சாலை அகலம் பார்க்கிறார்கள், பூங்காவுக்கு இடம் கேட்கிறார்கள். ஏக்கருக்கு ஒன்றிரண்டு சோதனைக் குழி வெட்டி, கார்த்திகை நீர்மட்டத்தையும் மண்ணின் ஊறல் வேகத்தையும் வரைபடத்தோடு இணைக்கச் சொல்வதில் என்ன கஷ்டம்? தேறாத நிலத்தில், மனைகளை விற்பவரே பொதுக் குழாயும் தாழ்ந்த ஓரத்தில் பொதுச் சுத்திகரிப்புக்கு ஒரு துண்டு நிலமும் விட வேண்டும். சதுர அடி விலை கொஞ்சம் ஏறும். இப்போது அந்தத் தொகையைக் கேன் தண்ணீருக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அது வரும் வரை வாங்குபவர் தன்னைத்தான் நம்ப வேண்டும். மனையைக் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். ஒரு பாட்டிலில் பிடித்து நைட்ரேட் சோதனைக்குக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து, கடைசியாக எப்போது லாரி வந்தது என்று கேட்கலாம். எங்கள் டேங்குக்கு லாரியே வந்ததில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த வீட்டுச் சுவரிலிருந்து உங்கள் ஈசானிய மூலை எத்தனை அடி என்று அப்போதே அளந்துவிடுங்கள்.